போக்கரில் அரை பாட் கணக்கு: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுழைவுக் கட்டணம் குறைந்த போக்கர் போட்டிகளைப் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். போக்கரை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடாமல், யோசித்து ஆட வேண்டிய ஆட்டமாக எழுதியிருந்தது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதில் ஒரு கணக்கு தவறு. ஒரு கருத்தும் தவறு, அது கணக்கைவிடப் பெரிய தவறு. "சின்னப் போட்டிகளில் எவ்வளவு பந்தயம் கட்டுகிறோம் என்பது பெரிய விஷயமில்லை, எப்படியும் எல்லோரும் கால் செய்வார்கள்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கால் என்றால், எதிராளி கட்டிய தொகையைத் தானும் போட்டு ஆட்டத்தில் தொடர்வது. எல்லோரும் கால் செய்வார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் அந்த மேசைகளில் பந்தயத் தொகை மற்ற எதையும்விட முக்கியமாகிறது.

நான் ஏழு வருடமாக வார இறுதிகளில் இப்படிப்பட்ட போட்டிகளில் டீலராக, அதாவது சீட்டுப் போடுபவளாக, வேலை பார்க்கிறேன். வேலை செய்யும் இடத்தில் விளையாடக் கூடாது என்பதால், வாரநாள் இரவுகளில் வேறிடத்தில் சின்னப் போட்டிகளில் உட்காருவேன். ஆக ஒரே ஆட்டத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். டீலருக்குச் சீட்டும் கிடையாது, பயமும் கிடையாது. யார் எவ்வளவு கட்டினார், நடுவில் எவ்வளவு இருந்தது, கடைசியில் எந்தச் சீட்டைத் திருப்பிக் காட்டினார் என்பது மட்டும் நாள் முழுக்கக் கண் முன்னால் ஓடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சில ஆட்டங்களை எழுதிவைப்பேன். இந்தக் கடிதத்தில் வருபவை பெரும்பாலும் அந்த நோட்டில் இருப்பவை.

முதலில் கணக்கு. நடுவில் இருக்கும் மொத்தத்தில், அதாவது பாட் அளவில், பாதியைக் கட்டினால் எதிராளி இரண்டில் ஒரு முறை ஜெயித்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும் என்று கட்டுரை சொல்கிறது. அப்படியில்லை. பாட் 1,000 இருக்கிறது, நான் 500 கட்டுகிறேன். எதிராளி 500 போட்டால் மொத்தம் 2,000 ஆகும். அவர் போடுவது 500, கைக்கு வரக்கூடியது 2,000. நான்கில் ஒரு முறை ஜெயித்தாலே அவருக்கு நட்டமில்லை, அதாவது 25 சதவீதம் போதும். முழு பாட் கட்டினால் அவருக்கு 33 சதவீதம் தேவை. மூன்றில் ஒரு பங்கு கட்டினால் 20 சதவீதம் போதும். இரண்டு மடங்கு கட்டினாலும் 40 சதவீதத்தைத் தாண்டாது. எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அந்த எண் 50-ஐத் தொடவே தொடாது. 50 சதவீதம் என்று நம்பி விளையாடுகிறவர், அரை பாட் கட்டியவுடன் எதிராளியைப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வார். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என் மேசையில் ஓர் அம்மா, பொறுமையாக, நன்றாக ஆடுகிறவர். அவர் கையில் இரண்டு ஏஸ், ஸ்பேடும் கிளாவரும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த முதல் மூன்று சீட்டில் இரண்டு ஆட்டின்: ஒரு 10, ஒரு 6. கூடவே ஒரு கிளாவர் 3. நான்காவதாக ஸ்பேட் ராணி வந்தது. அப்போது பாட் 6,000. அவர் 1,000 கட்டினார். எதிரே இருந்த இளைஞர் உடனே கால் செய்தார். அவரிடம் ஆட்டின் ராஜாவும் ஆட்டின் ஐந்தும். ஐந்தாவது சீட்டாக ஆட்டின் இரண்டு விழுந்தது. அவருக்கு ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர்ந்து, ஏஸ் ஜோடியை அடித்துவிட்டது. அந்த அம்மாவின் சிப் (பந்தய வில்லை) மொத்தமும் போய்விட்டது. எழுந்து போகும்போது, "என் நேரம்" என்றார்.

நேரம் இல்லை. அந்த இளைஞர் 1,000 போட்டால் மொத்தம் 8,000. எட்டில் ஒரு முறை, அதாவது 12.5 சதவீதம் ஜெயித்தாலே அவருக்குப் போதும். அவர் பார்க்காத 46 சீட்டுகளில் 9 ஆட்டின் மீதி இருந்தன. அது 19.6 சதவீதம். அவர் கால் செய்தது சரியான முடிவு. அவரை அந்தச் சரியான முடிவை எடுக்க வைத்தது அந்த 1,000-தான். அதே இடத்தில் 4,000 கட்டியிருந்தால்? அவர் 4,000 போட்டு 14,000-க்கு ஆட வேண்டும். 28 சதவீதத்துக்கு மேல் தேவை, கையில் இருப்பதோ 20-க்கும் குறைவு. கடைசிச் சீட்டுக்கு அப்புறம் நடப்பதை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 1,000-க்குக் கால் செய்யும் ஒவ்வொரு முறையும் சராசரியாக அவருக்கு 550 சிப்புக்கு மேல் லாபம். 4,000-க்குக் கால் செய்யும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 1,200-க்கு மேல் நட்டம். அந்த இளைஞரை எனக்குத் தெரியும். ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்துவிட்டால் அவர் எவ்வளவு கட்டினாலும் கால் செய்வார். 4,000-க்கும் செய்திருப்பார். அந்த ஆட்டின் இரண்டு அன்றைக்கு விழுந்துதான் இருக்கும், அந்த அம்மா அன்றைக்குத் தோற்றுத்தான் இருப்பார். ஆனால் வருடம் முழுக்க அப்படி ஆடினால் அவர் பக்கம் சேர வேண்டிய சிப், இப்போது எதிர்ப்பக்கம் சேர்ந்துகொண்டிருக்கிறது.

எல்லோரும் கால் செய்வார்கள் என்றால் அதில் இதுவும் அடக்கம். தவறான விலைக்கும் கால் செய்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, விலையை நிர்ணயிக்கும் உரிமை நம் கையில் இருக்கிறது. அதைப் போய் விஷயமில்லை என்று எழுதலாமா?

அந்த அம்மா ஏன் 1,000 கட்டினார் என்பதையும் யோசித்தேன். அவர் மட்டுமில்லை, பாதிப் பேர் இப்படித்தான். கையில் 1,000 சிப் ஒன்று அழகாகத் தெரிகிறது, அதை எடுத்து வைக்கிறார்கள். போட்டி ஆரம்பித்தபோது பாட் 1,200 இருந்த நேரத்தில் 1,000 கட்டிப் பழகிய கை, பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் தொகை) ஏறி பாட் 6,000 ஆன பிறகும் அதே 1,000-ஐத் தேடிப் போகிறது. டீலராக நான் வாய் திறக்க முடியாது. உச்சவரம்பு இல்லாத ஆட்டத்தில் பாட் எவ்வளவு என்று டீலர் எண்ணிச் சொல்வது வழக்கமில்லை. கேட்டால் சிப்புகளைப் பரப்பிக் காட்டுவோம், அவ்வளவுதான். எண்ணுவது ஆடுகிறவர் வேலை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மனதுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இந்த வேலையால் வந்தது. "இப்போது 2,400, இப்போது 5,600" என்று. இதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். ஆனால் மேசையில் இருக்கும் ஒன்பது பேரில் இரண்டு பேர் செய்தால் அதிகம்.

முதல் சுற்று ரெய்ஸில், அதாவது தொகையை உயர்த்துவதில், ஆரம்பிக்கிற தவறு அப்புறம் எல்லா இடத்துக்கும் பரவும். சின்ன பிளைண்ட் 100, பெரிய பிளைண்ட் 200. பெரிய பிளைண்டில் இருப்பவர் எல்லோருக்கும் சேர்த்து 200 ஆன்டி, அதாவது கூடுதல் கட்டாயத் தொகை, போடுகிறார். நீங்கள் 400-க்கு உயர்த்துகிறீர்கள். மற்றவர்கள் விலகினால், பெரிய பிளைண்டில் இருப்பவர் இன்னும் 200 போட்டால் மொத்தம் 1,100. அவருக்கு 18 சதவீதம் போதும். அந்த விலைக்கு எந்தக் குப்பைச் சீட்டையும் வைத்துக்கொண்டு உள்ளே வரலாம், அவர் வருவதில் தப்பே இல்லை. 600-க்கு உயர்த்தினால் அவர் 400 போட்டு 1,500-க்கு ஆட வேண்டும், 27 சதவீதம் ஆகிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரிய பிளைண்டைப் போல இரண்டு மடங்கு, இரண்டேகால் மடங்கு என்று உயர்த்துவதைப் பார்த்து நம் மேசையிலும் அதையே செய்கிறார்கள். அவர்கள் மேசையில் அந்தச் சின்ன ரெய்ஸுக்கும் விலகுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் மேசையில் நான்கு பேர் சேர்ந்து கால் செய்வார்கள். இரண்டு ராஜா நல்ல சீட்டுதான், ஆனால் நான்கு பேருக்கு எதிராக அது பாதி நல்ல சீட்டு.

அதனால் ஆரம்பச் சுற்றுகளில், எல்லோரிடமும் நிறையச் சிப் இருக்கும்போது, நல்ல சீட்டோடு நான் மூன்று மடங்கு, சில சமயம் மூன்றரை மடங்குக்கு உயர்த்துவேன். எனக்கு முன்னால் ரெய்ஸ் செய்யாமல் வெறுமனே கால் செய்து இரண்டு பேர் உள்ளே வந்திருந்தால், நான்கு மடங்கோடு ஆளுக்கு ஒரு மடங்கு சேர்த்து 1,200. முதல் முறை 1,200 என்று சொல்ல எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேருமே கால் செய்தார்கள். பிறகு பிளைண்ட் ஏறி, எல்லோரிடமும் 20, 25 பிளைண்ட் அளவே மிஞ்சும் கட்டத்தில் இரண்டேகால் மடங்குக்கு இறங்கிவிடுவேன். அங்கே ஒவ்வொரு சிப்புக்கும் வேறு வேலை இருக்கிறது.

இப்போது நான் தப்பாக ஆடிய ஆட்டம். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம், அவ்வளவு யோசித்திருக்கிறேன் இதைப் பற்றி.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை இரவு. எனக்கு ஏஸும் ராஜாவும். ஃப்ளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டில், ஏஸ், 9, 4, மூன்றும் வேறு வேறு இனம். பாட் 1,000. என்னிடமும் எதிராளியிடமும் ஆளுக்கு 3,500 மீதி. எதிராளி எதற்கும் விலகாதவர். அவரை விரட்டிவிடக் கூடாதே என்று 300 கட்டினேன். கால். அடுத்த சீட்டு 7. 400 கட்டினேன். கால். கடைசிச் சீட்டு 2. 600 கட்டினேன். அதற்கும் கால். அவர் ஏஸும் எட்டும் காட்டினார். 3,600 சிப்பை இழுத்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவர் "நன்றாக ஆடினீர்கள்" என்றார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிரவு பரிசு கிடைக்கும் இடத்துக்கு ஒரே ஓர் இடம் முன்னால் வெளியேறினேன். கடைசியில் என்னிடம் இரண்டு பிளைண்ட்தான் இருந்தது, எந்தச் சீட்டு வந்தாலும் போட வேண்டிய நிலை. வீட்டுக்கு வந்து நோட்டில் அந்த ஏஸ் ராஜா ஆட்டத்தை எழுதினேன். அப்போதுதான் உறைத்தது. ஃப்ளாப்பில் அரை பாட், 500. அவர் கால் செய்தால் பாட் 2,000. அடுத்து அரை பாட், 1,000. பாட் 4,000. கடைசியாக அரை பாட், 2,000. 500, 1,000, 2,000 கூட்டினால் 3,500. அதாவது என்னிடம் இருந்தது மொத்தமும். எந்த இடத்திலும் யாரையும் பயமுறுத்தாத மூன்று அரை பாட் பந்தயங்கள். கடைசியில் நடுவில் 8,000 இருந்திருக்கும். ஏஸும் எட்டும் வைத்திருந்த அந்த மனிதர் மூன்றுக்கும் கால் செய்திருப்பார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. அவரிடமிருந்து நான் வாங்கியது 1,300. வாங்கியிருக்கக்கூடியது 3,500. அந்த 2,200 சிப் என்னிடம் இருந்திருந்தால், பரிசு எல்லையில் இரண்டு பிளைண்டோடு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அன்று முதல் ஃப்ளாப் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது பாட் அளவையும் எங்கள் இருவரில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அந்தத் தொகையையும்தான். மீதி, பாட் அளவைப் போல மூன்றரை மடங்கு இருந்தால் மூன்று அரை பாட் பந்தயத்தில் எல்லாம் உள்ளே போகும். பதின்மூன்று மடங்கு இருந்தால் மூன்றும் முழு பாட் ஆக இருக்க வேண்டும்: 1,000, 3,000, 9,000. பாட் அளவே மீதி இருந்தால் இரண்டு பந்தயம் போதும், ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். பாட் ஒவ்வொரு முறையும் பெருக்கல் கணக்கில் வளர்கிறது. அதனால் ஃப்ளாப்பில் 200 குறைத்துக் கட்டுவது கடைசியில் 200 இழப்பதோடு நிற்காது. எதிராளியை விரட்டிவிடுவோமோ என்ற பயத்தில் முதல் பந்தயத்தைச் சின்னதாக வைத்துவிட்டு, கடைசிச் சீட்டில் திடீரென்று பாட் அளவைவிட மூன்று மடங்கு தள்ளுகிறவர்களைப் பார்க்கிறேன். அதற்குத்தான் எதிராளி விலகுவார். அதே சிப்பை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பாட் அளவில் ஒரே பங்காகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

பிளஃப் (நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் கட்டுவது) பற்றிக் கட்டுரை நிறைய எழுதியிருந்தது. நான் கொஞ்சமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் சின்னப் போட்டிகளில் அது கொஞ்சமாகத்தான் தேவை. ஒன்றுமே இல்லாத சீட்டோடு அரை பாட் கட்டினால் மூன்றில் ஒரு முறை எதிராளி விலகினால் நட்டமில்லை. முழு பாட் கட்டினால் இரண்டில் ஒரு முறை விலக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கட்டினால் நான்கில் ஒரு முறை போதும். ராஜா, 7, 2 என்று மூன்று இனத்தில் வறண்ட ஃப்ளாப் விழுந்து, எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் நான் அந்த மூன்றில் ஒரு பங்கைக் கட்டுவேன். ஒன்றும் சேராதவர் சின்னத் தொகைக்கும் விலகுவார், ராஜா சேர்ந்தவர் பெரிய தொகைக்கும் விலக மாட்டார். அங்கே பெரிதாகக் கட்டி எதையும் வாங்கிவிட முடியாது. ஜாக், 10, 8 என்று விழுந்து அதில் இரண்டு ஒரே இனமாக இருந்தால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று சேர்ந்திருக்கும். நல்ல சீட்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, இல்லையென்றால் எதுவும் கட்டாமல் பேசாமல் செக். விலகவே மாட்டார் என்று தெரிந்தவரிடம் மூன்று சுற்றும் பிளஃப் செய்துவிட்டு "இந்தச் சீட்டை வைத்துக்கொண்டா கால் செய்தாய்?" என்று கோபப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் ஆடினார், பார்த்திருக்கலாமே.

டீலர் இடத்திலிருந்து மட்டும் தெரிகிற ஒன்று உண்டு. பெரும்பாலானோர் தங்கள் பந்தயத் தொகையாலேயே சீட்டைக் காட்டிவிடுகிறார்கள். நடுத்தரமான ஜோடி என்றால் மிகச் சின்னத் தொகை, "இதோடு விட்டுவிடேன்" என்று கெஞ்சுகிற மாதிரி. எல்லாரையும் அடிக்கும் சீட்டு என்றால் ஒரு விதம், பிளஃப் என்றால் வேறு விதம். சிலர் இரண்டு ஜாக் வந்தால் மட்டும் ஐந்து மடங்கு உயர்த்துவார்கள், ஏனென்றால் அதை வைத்து ஃப்ளாப் பார்க்கவே அவர்களுக்குப் பிடிக்காது. நான் சீட்டைப் பார்க்காமலே பல நேரம் சொல்லிவிடுவேன், மனதுக்குள். அதே ஆட்களோடு வாரா வாரம் ஆடுகிறவர், ஒரே மாதிரி இடத்தில் எல்லாச் சீட்டுக்கும் ஒரே தொகை என்று வைத்துக்கொள்வது நல்லது. அறிமுகமில்லாத மேசையில், தொகையை யாரும் கவனிக்காத இடத்தில், நல்ல சீட்டுக்கு அதிகம் கேட்பதில் எனக்குத் தயக்கமில்லை. இதில் கட்டுரையாளரோடு ஒத்துப்போகிறேன்.

சிப் குறைந்த பிறகு வரும் கட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சின்னப் போட்டிகளில் பிளைண்ட் வேகமாக ஏறும், பாதிப் போட்டி அந்தக் கட்டத்தில்தான் நடக்கும். பால் மேக்ரியல் என்ற ஆட்டக்காரரின் பெயரால் எம் என்று ஓர் அளவு வழக்கத்தில் இருக்கிறது: கையில் இருக்கும் சிப்பை, ஒரு சுற்றுக்கு ஆகும் பிளைண்ட், ஆன்டி மொத்தத்தால் வகுத்தால் வருவது. பிளைண்ட் 500, 1,000, ஆன்டி 1,000 என்றால் ஒரு சுற்றுக்கு 2,500. கையில் 12,000 இருந்தால் ஐந்து சுற்றுகூடத் தாங்காது. அந்த நேரத்தில் 3,000-க்கு உயர்த்துகிறார்கள். கையில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. இன்னொருவர் ஆல் இன், அதாவது தன் சிப் மொத்தமும், என்கிறார். இப்போது நடுவில் 17,500 இருக்கிறது, இன்னும் 9,000 போட்டால் மொத்தம் 26,500, 34 சதவீதம் போதும். விலகினால் பாவம், கால் செய்தால் பயம். உயர்த்துவதற்கு முன்னாலேயே இந்த இடத்தைப் பார்த்திருந்தால், முதலிலேயே 12,000-ஐயும் உள்ளே தள்ளி, யோசிக்கும் கஷ்டத்தை எதிராளிக்குக் கொடுத்திருக்கலாம். அல்லது சீட்டைக் கீழே போட்டிருக்கலாம். எனக்கு 12 பிளைண்டுக்குக் கீழே போனால் பெரும்பாலும் இந்த இரண்டு வழிதான்.

ஆனால் பரிசு நெருங்கும்போது ஆல் இன் சொல்வதும் அதற்குக் கால் செய்வதும் ஒன்றில்லை. மூன்று பேர் மிச்சம், சமமான சிப், பரிசு 50, 30, 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் பங்கின் மதிப்பும் 33.3. இரண்டு பேர் ஆல் இன் மோதினால் தோற்றவருக்கு 20, அவர் இழந்தது 13.3. ஜெயித்தவரிடம் மூன்றில் இரண்டு பங்கு சிப் சேரும். மூன்றில் இரண்டு முறை 50, ஒரு முறை 30 என்று பார்த்தால் அவர் மதிப்பு 43.3. சிப் இரண்டு மடங்கானது, மதிப்பு கூடியது 10 மட்டும். சமமான மோதல் போதாது, 57 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கும் சீட்டு இருந்தால்தான் கால் செய்யலாம். 1973-இல் டேவிட் ஹார்வில் என்பவர் குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எந்த இடத்தில் வரும் என்று கணக்கிட எழுதிய முறைதான் இதற்கு அடிப்படை. இதன் விளைவு பந்தயத் தொகையிலும் தெரியும். எதிராளி வெளியேறப் பயப்படும் நேரத்தில் அவரை அசைக்கப் பெரிய தொகை வேண்டாம். நிறையச் சிப் வைத்திருப்பவர் இரண்டு மடங்குக்கு உயர்த்தினாலே, பின்னால் வரப்போகும் ஆல் இன் எதிராளி கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, மேசை விதிகள். புதிதாக வருகிறவர்கள் சரியான தொகையை யோசித்துவிட்டு, அதைச் சொல்லத் தெரியாமல் இழப்பதைப் பார்க்கிறேன். பிளைண்ட் 200, 400. ஒருவர் வாய் திறக்காமல் ஒரே ஒரு 1,000 சிப்பைப் போடுகிறார். அவர் மனதில் ரெய்ஸ். விதிப்படி அது 400-க்குக் கால். நான் மீதி 600-ஐத் திருப்பித் தள்ளும்போது அவர் முகம் மாறும். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு தடவையாகக் கையைக் கொண்டுபோய்ச் சிப் வைத்தால் முதல் தடவை வைத்ததுதான் செல்லும். ஒருவர் 800-க்கு உயர்த்தி, இன்னொருவர் 1,500-க்கு உயர்த்தினால், அடுத்தவர் குறைந்தது 2,200-க்கு உயர்த்த வேண்டும், ஏனென்றால் கடைசியாகக் கூடியது 700. "ரெய்ஸ், 1,200" என்று முதலில் வாயால் சொல்லிவிடுங்கள், அப்புறம் சிப்பை எடுங்கள். சொன்னது கட்டுப்படுத்தும், ஆனால் காப்பாற்றவும் செய்யும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அரை பாட் பந்தயத்துக்கு எதிராளிக்குத் தேவை 25 சதவீதம், 50 இல்லை என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். உங்கள் கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு போன வாரம் ஒருவர் என் மேசைக்கு வந்திருந்தார், பாட் 2,000 இருந்த இடத்தில் 1,000 கட்டிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்காகவாவது. இரண்டாவது, கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதற்கு முன்னால் ஒரு சின்னப் போட்டிக்கு வந்து, விளையாடாமல், ஒரு மணி நேரம் என் பின்னால் நின்று ஒவ்வொரு பந்தயத்தையும் பாட் அளவையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். தாளும் பேனாவும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி
(போக்கர் டீலர்)